எட்டு மணிநேரம் படுத்தும் பகல்ல கண்ணு சொக்குதா? கருங்கல் அக்காவுக்கு ஒரு பதில்

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. கூட்டுறவு சங்கம் ஒண்ணுல கேஷியரா இருக்காங்க, வீட்டுக்காரரு ரொம்ப வருசமா கல்ஃப்ல. கடிதம் பெரிசு, அடையாளம் தெரியுத விஷயத்த எல்லாம் எடுத்துட்டு சுருக்கிப் போடுதேன்.

"டாக்டர், எனக்கு 52 வயசு. ராத்திரி 9.30க்கு படுத்தா காலைல 5.30 வரைக்கும் கட்டில்லதான் கெடக்கேன், ஆனா எந்திரிக்கும்போதே தலை கனத்துப்போய் இருக்கு, வாய் காஞ்சு கெடக்கு. ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போகணும். ஆபீஸ்ல நோட்டு எண்ணிட்டு இருக்கும்போதே கண்ணு சொக்குது, போன மாசம் கேஷ்ல 2,000 ரூபா குறைஞ்சு கைக்காசப் போட்டேன். சர்ச்ல பிரசங்கம் தொடங்குனா ஒறங்கிருவேன், பஸ்ல, டிவி முன்னால, மத்தியானம் சாப்பிட்டுட்டு இருந்தா எல்லாம் இதேதான். ஒருநாள் ஸ்கூட்டர்ல திங்கள்நகர் டிராபிக் பிளாக்ல நிக்கும்போதே கண்ணு மூடிட்டு. ஓர்மையும் கொறஞ்சுபோச்சு. சுகர் 9 வருசமா உண்டு, பிரஷருக்கு ரெண்டு மாத்திரை போட்டும் எறங்கல. எடை 78 கிலோ, உயரம் 154 செ.மீ. மாதவிடாய் நின்ன வயசு, அப்பிடித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒறக்கம் செரியில்லன்னு சொன்னப்ப அல்பிரசோலம் எழுதிக் குடுத்தாங்க, ரெண்டு வருசமா போடுதேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த மகதான் எங்கூட படுத்துட்டு, நான் கொறட்டை விட்டு இடையில மூச்சு நின்னுபோறத மொபைல்ல எடுத்துக் காட்டுனா. ஒறக்க டெஸ்ட் எடுத்ததுல ஏ.எச்.ஐ 27, ஆக்சிஜன் 79 வரைக்கும் எறங்குதுன்னு, ராத்திரி மாஸ்க் வழியா காத்து விடுத சிபாப் மெஷின் வைக்கச் சொல்லுதாங்க. பொம்பள கொறட்டை விடுதான்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு, மகளுக்கு கல்யாணம் வேற பேசிட்டிருக்கோம். இந்த மறதிக்கும் கேஷ் தப்புக்கும் உண்மையிலயே இதுதான் காரணமா? மாத்திரை, ஆபரேஷன்னு வேற வழி இல்லையா? மெஷின்னா ஆயுசுக்குமா?"

அக்கா, உங்க கேள்விக்கெல்லாம் வருதேன், அதுக்கு முன்ன ஒரு காரியம். நாளைல இருந்து ஸ்கூட்டர எடுக்காதீங்க. ட்ரீட்மென்ட் தொடங்கி, பகல்ல கண்ணு சொக்குதது நின்னு, உங்கள பாக்குத டாக்டரும் செரின்னு சொன்ன பெறகு எடுத்துக்கிடலாம், அதுவரைக்கும் பஸ்ஸு, ஆட்டோ, இல்லன்னா கூட வேலை பாக்குதவங்க வண்டில பின்னால. பிளாக்ல நிக்கும்போது கண்ணு மூடுனது உங்க நல்ல நேரம், ஏன்னா வண்டி நிக்குது. அதே மூணு செகண்டு ஓடுத வண்டில வந்தா, 40 கிலோமீட்டர் வேகத்துல நீங்க கண்ணு தெரியாம 33 மீட்டர் போயிருப்பீங்க. ஒறக்கத்துல மூச்சு நிக்குத இந்த வியாதி, ஸ்லீப் அப்னியான்னு சொல்லுவாங்க, இது உள்ளவங்க வண்டி ஓட்டுனா ஆக்சிடென்ட் ஆகுததுக்கான வாய்ப்பு மத்தவங்கள விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. நம்ம ரோடு எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், வளைவும் மேடும் எதுக்க வாற டாரஸ் லாரியும், அதுல அரை நொடி கூட விட்டுக்குடுக்க முடியாது.

இப்ப மொதல் கேள்வி. ஆமா, இதுதான் காரணம்னு உங்க ரிப்போர்ட்டையும் நீங்க சொன்னதையும் சேத்து வச்சுப் பாத்தா தைரியமாவே சொல்லலாம். ஏ.எச்.ஐ 27ன்னா ஒரு மணிநேரத்துக்கு 27 தடவ உங்க மூச்சு முழுசா நின்னோ பாதியா கொறஞ்சோ போவுது, ஒவ்வொண்ணும் கொறஞ்சது 10 செகண்டு. 5க்கு கீழ நார்மல், 15ல இருந்து 29 வரை நடுத்தரம், 30 தாண்டினா கடுமை, நீங்க அந்த கடுமைக்கு தொட்டுக் கெடக்கீங்க. ஆறு மணிநேரம் ஒறங்குனீங்கன்னு வச்சாலும் ஒரே ராத்திரில இப்பிடி 162 தடவ. ஒறங்கும்போது நாக்கும் அண்ணாக்குப் பக்கத்து தசையும் தளரும், எல்லாருக்கும் தளரும், ஆனா தொண்டை ஏற்கனவே ஒடுக்கமா இருக்கவங்களுக்கு அந்த வழி அடைஞ்சுபோவும். இளநி குடிக்கும்போது ஸ்ட்ரா நனைஞ்சு கொழகொழன்னு ஆச்சுன்னா உறிய உறிய ஒட்டிக்கிடும் பாருங்க, அதேதான், நெஞ்சு எவ்வளவு பலமா இழுக்குதோ அவ்வளவுக்கு தொண்டை ஒட்டும். ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கும், 95க்கு மேல இருக்க வேண்டியது உங்களுக்கு 79 வரை போயிருக்கு. அப்ப மூளை பயந்து உங்கள எழுப்பும், தொண்டை தொறக்கும், ஒரு பெரிய கொறட்டையோட மூச்சு வரும், திரும்ப ஒறக்கம். இந்த எழும்புதது சில செகண்டுதான், காலைல உங்களுக்கு ஓர்மையே இருக்காது. அதனாலதான் எட்டு மணிநேரம் கட்டில்ல கெடந்தேனேன்னு நீங்க நினைக்கீங்க. கெடந்தது உண்மை. ஆழ்ந்த ஒறக்கமும், கனவு வாற ஒறக்கமும்தான் ரெண்டு ரெண்டு நிமிசத்துக்கு வெட்டுப்பட்டுப் போச்சு.

அந்த ரெண்டு ஒறக்கத்துலதான் அன்னைக்கு படிச்சது, கேட்டது, பாத்தது எல்லாம் மூளைல பதியும், அது கெடைக்கலன்னா ஓர்மை நிக்காது. நோட்டு எண்ணுத வேலைய யோசிச்சுப் பாருங்க. கை தன்னால போகும், ஆனா எத்தனைங்குத கணக்க மூளை ஒவ்வொரு நோட்டுக்கும் பிடிச்சு வச்சிருக்கணும், 60, 61, 62ன்னு போவும்போது ஒரு செகண்டு மூளை அணைஞ்சுபோச்சுன்னா கை ரெண்டு நோட்ட தள்ளியிருக்கும், கணக்கு 63லதான் நிக்கும். கண்ணு தொறந்தே இருக்கும், எதுக்க நிக்குத ஆளுக்கு கூட தெரியாது. கட்டு ஒண்ண மூணு தடவ எண்ணி மூணு விதமா வருதுன்னு நீங்க எழுதியிருந்தது இதனாலதான். நீங்க பொறுப்பில்லாம வேலை செய்யுதீங்கன்னு செயலாளர் சொன்னதா எழுதி வருத்தப்பட்டிருந்தீங்க, அக்கா, நீங்க எவ்வளவு கவனமா இருக்கணும்னு நினைச்சாலும் ஒறக்கம் இல்லாத மூளைக்கு அது முடியாது, இது மனசு வச்சா செரியாகுத காரியம் கெடையாது. ட்ரீட்மென்ட் செட் ஆகுத வரைக்கும், முடிஞ்சா ஒரு ரெண்டு மாசம் கவுண்டர்ல இருந்து மாத்தி லெட்ஜர், ஃபைல்னு வேற வேலைக்கு போட்டுத் தரச் சொல்லி டாக்டர் சர்ட்டிபிகேட்டோட எழுதிக் குடுங்க. கேஷ எண்ணித்தான் ஆகணும்னா மெஷின்ல எண்ணுங்க, காலை நேரத்துல டேலி பண்ணுங்க, சாப்பாட்டுக்குப் பெறகு வேண்டாம்.

பகல் ஒறக்கத்த அளந்து பாக்க எப்வொர்த் ஸ்கேல்னு ஒண்ணு உண்டு, ஆஸ்திரேலியால 1991ல வந்தது, எட்டு சூழ்நிலை, ஒவ்வொண்ணுலயும் ஒறங்கிப்போவ எவ்வளவு வாய்ப்புன்னு 0ல இருந்து 3 வரை மார்க். உங்க கடிதத்த வச்சு நானே போட்டுப் பாத்தேன்: டிவி, பொது இடத்துல சும்மா இருக்கது, அதாவது உங்களுக்கு பிரசங்கம், பஸ் யாத்திரை, மத்தியானம் படுக்குதது, சாப்பிட்டுட்டு இருக்குதது, இந்த அஞ்சுக்கும் 3, வாசிக்கதுக்கு 2, பேசிட்டிருக்கும்போது 1, பிளாக்ல நிக்கும்போது 1. மொத்தம் 24க்கு 19. 10 தாண்டினாலே டாக்டர பாக்கணும். உங்களுக்கு எவ்வளவு முன்னயே இத கேட்டிருக்கணும்னு நினைக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போறத நீங்க சுகர்னு நினைச்சிருக்கீங்க. சுகர் ஏறிக் கெடந்தாலும் போகும்தான், ஆனா இந்த வியாதிக்கும் அது வரும். அடைஞ்ச தொண்டைக்கு எதிரா நெஞ்சு இழுக்கும்போது இதயத்தோட மேலறை விரியும், ஓ உடம்புல தண்ணி கூடிப்போச்சுன்னு இதயம் தப்பா கணக்குப் போட்டு ஒரு ஹார்மோன விடும், கிட்னி மூத்திரத்த கூட்டும். மெஷின் வச்ச கொஞ்ச நாள்லயே "டாக்டர், ராத்திரி எந்திரிக்கவே இல்ல"ன்னு வந்து சொல்லுதவங்க நெறைய. பிரஷர் ரெண்டு மாத்திரைக்கும் எறங்காததும் இதோட சேந்ததா இருக்கும், மூச்சு நிக்குத ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் ஏறுது, அது ராத்திரியோட முடியாம பகலுக்கும் நீளும். காலைல தலை கனக்கது, வாய் காயுதது எல்லாம் இதே கணக்குல வந்திரும்.

இத ஏன் இத்தன வருசம் யாரும் கண்டுபிடிக்கலன்னா, அக்கா, ஒண்ணு நீங்க ஒரு பெண்ணு. கொறட்டை, மூச்சு நிக்கதுன்னா கழுத்து தடிச்ச, தொப்பை வச்ச ஆம்பளைன்னுதான் எல்லாருக்கும் மனசுல வரும், டாக்டர்மாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். மாதவிடாய் நிக்கது வரைக்கும் ஹார்மோன் பெண்ணுங்கள ஓரளவு காப்பாத்தும், அதுக்குப் பெறகு இந்த வியாதி பெண்ணுங்களுக்கும் கூடும். ஆனா அவங்க வந்து சொல்லுதது அசதி, தலைவலி, ஒறக்கம் வரல, மனசு செரியில்ல, இப்பிடி. உடனே வயசு, டென்ஷன்னு ஒரு பேரு வச்சு மாத்திரை குடுத்து அனுப்பிருவாங்க. ரெண்டாவது, பக்கத்துல படுக்கதுக்கு ஆளு இல்ல. நம்ம மாவட்டத்துல எத்தனை வீட்டுல வீட்டுக்காரரு கல்ஃப்லயோ, தூத்தூர் கடல்கரை பக்கம்னா ஆழ்கடல்லயோ மாசக்கணக்கா கெடக்காரு. கொறட்டைய கேட்டு எழுப்ப ஒருத்தரும் இல்லாத கட்டில்ல இந்த வியாதி வருசக்கணக்கா ஒளிஞ்சிருக்கும். உங்க மக செஞ்சது பெரிய உபகாரம், அந்த வீடியோவ அழிக்காம வச்சிருங்க, டாக்டருக்கு காட்டணும்.

அல்பிரசோலம் பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்லணும். அது தொண்டை தசைய இன்னும் தளத்தும், ஆக்சிஜன் எறங்கும்போது மூளை எழும்புத அந்த எழுச்சியவும் மந்தமாக்கும், அதாவது உங்களுக்கு இப்ப காப்பா இருக்கதே அந்த எழும்புததுதான், அதையும் தட்டிப் பறிக்குது. பகல் மறதிக்கு அதுவும் ஒரு பங்கு. ஆனா ரெண்டு வருசமா போட்டத நாளைக்கே நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா வெப்ராளம், நடுக்கம், சில பேருக்கு வலிப்பே வரும். எழுதிக் குடுத்த டாக்டர்ட்டயே ரிப்போர்ட்ட காட்டி பைய பைய கொறைக்கணும். சளி, தும்மலுக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குத, போட்டா ஒறக்கம் வருத மாத்திரையவும் சொல்லாம போடாதீங்க.

மெஷினுக்கு வருவோம். சிபாப் ஆக்சிஜன் மெஷின் இல்ல, இத நெறைய பேரு தப்பா நினைச்சு பயந்து போவுதாங்க. அறைல இருக்க அதே காத்தத்தான் எடுத்து, கொஞ்சம் அழுத்தத்தோட மூக்கு வழியா விடுது, அந்த அழுத்தம் தொண்டைய ஒட்ட விடாம தாங்கிப் பிடிக்கும். 1981ல சிட்னில காலின் சலிவன்ங்குத டாக்டரு இத மொதல்ல வெளியிட்டாரு, அதுவரைக்கும் கடுமையா இருந்தவங்களுக்கு தொண்டைல துளை போட்டு மூச்சு விடவைக்கதுதான் வழி. அந்த நிலமைல இருந்து ஒரு சின்ன பெட்டிக்கு வந்திருக்கோம்.

இதுல ஜெயிக்கதும் தோக்கதும் மொத மாசத்துலதான். மெஷின வாங்கி, கம்பெனி பையன் வந்து ஒருக்கா மாட்டிக் காட்டிட்டுப் போய், மறுநாள் மூச்சு முட்டுதுன்னு அலமாரில வச்சவங்கள நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன். நீங்க அப்பிடிச் செய்யாதீங்க. மொத ஒரு வாரம் ராத்திரியே வேண்டாம், சாயங்காலம் சீரியல் பாக்கும்போது அரைமணிநேரம் மாஸ்க்க போட்டு மெஷின ஓட விடுங்க, மூஞ்சி பழகட்டும். கண்ண மூடுனா போதும் ஒறங்கிருவீங்கங்கதால அத கழட்டாம அப்பிடியே விட்டாலும் நல்லது. பெறகு ராத்திரி. மெஷின்ல ராம்ப்னு ஒரு செட்டிங் உண்டு, அழுத்தம் கொறச்சு தொடங்கி பைய ஏறும், அத போட்டுத் தரச் சொல்லுங்க. மாஸ்க்க ரெண்டு மூணு அளவுல போட்டுப் பாருங்க, அதுவும் படுத்துக்கிட்டு பாருங்க, ஏன்னா இருக்கும்போது செரியா நிக்கது படுத்தா நகரும். காத்து கண்ணுல அடிச்சா, மூக்குப் பாலத்துல தோலு செவந்தா அளவு தப்பு, பட்டைய இறுக்கதால செரியாவாது. உங்களுக்கு வாய் காயுததால வாய் தொறந்து ஒறங்குதீங்கன்னு தெரியுது, மூக்கு மாஸ்க்குல காத்து வாய் வழி போயிரும், அப்ப தாடைப் பட்டையோ மூக்கும் வாயும் மூடுத மாஸ்க்கோ வேணும், மூக்குல அடைப்பு இருந்தா அத மொதல்ல செரி பண்ணணும். ஈரப்படுத்துத தொட்டில காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்துங்க, நம்ம கெணத்துத் தண்ணி வேண்டாம். மாஸ்க்க தினம் லேசான சோப்புல கழுவி நெழல்ல காய வைங்க. கரண்ட் போயிட்டா மூச்சு முட்டிச் செத்துருவேனான்னு எழுதியிருந்தீங்க, இல்ல, மாஸ்க்குல வெளிக்காத்து வாற வழி உண்டு, நீங்க முழிச்சு கழட்டிருவீங்க. ஆனா மழைக்காலத்துல அடிக்கடி கரண்ட் போற வீடுன்னா இன்வெர்ட்டர்ல கனெக்‌ஷன் குடுத்துருங்க.

விலை சில பத்தாயிரம் வரும், அதனால கண்ணடச்சுட்டு வாங்காம மாச வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு வாங்குங்க. ராத்திரி நாலு மணிநேரமாவது போடணும்னு பொதுவா சொல்லுவாங்க, உங்களுக்கு அது பத்தாது. கனவு வாற ஒறக்கம் விடியக்காலைலதான் நெறைய வரும், பெண்ணுங்களுக்கு மூச்சு நிக்குதது அந்த நேரத்துலதான் அதிகம், ஒண்ணுக்கு எந்திரிச்சுட்டு இனி போதும்னு 2 மணிக்கு கழட்டி வச்சீங்கன்னா மோசமான பாதி அப்பிடியே கெடக்கும். எத்தனை மணிநேரம் போட்டீங்க, காத்து எவ்வளவு லீக், மெஷின் போட்டும் மிச்சம் இருக்க ஏ.எச்.ஐ எவ்வளவுன்னு மெஷினே பதிஞ்சு வைக்கும், அந்த மிச்ச ஏ.எச்.ஐ 5க்கு கீழ வரணும். பகல் ஒறக்கம் சில பேருக்கு ஒரே வாரத்துல தெளியும், சில பேருக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும், மறதி அதுக்கும் பைய.

இன்னொண்ணும் மறைக்காம சொல்லணும். மெஷின் வச்சா ஹார்ட் அட்டாக்கே வராதுன்னு யாராவது விற்க வந்தா நம்பாதீங்க. இதய நோய் ஏற்கனவே உள்ள 2,700 பேருக்கு மேல வச்சு 2016ல வந்த பெரிய ஆய்வுல அட்டாக், ஸ்ட்ரோக் கொறஞ்சதா காட்ட முடியல, அவங்க சராசரியா மூணரை மணிநேரம் கூட போடல, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அதே ஆய்வுல பகல் ஒறக்கம் கொறஞ்சது, மனசு தெளிஞ்சது. உங்களுக்கு இப்ப வேண்டியதும் அதுதானே. பிரஷர் கொஞ்சம் எறங்கும், அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது.

வேற வழி கேட்டீங்க. தாடைய முன்னால தள்ளிப் பிடிக்குத ஒரு பல் கருவி உண்டு, பல் டாக்டர் அளவெடுத்து செய்வாங்க, மெஷின் எப்பிடியும் ஒத்துக்கல்லன்னா அது அடுத்தது. டான்சில் பெரிசா இருந்தா ஆபரேஷன் பலன் தரும், மத்தபடி பெரியவங்களுக்கு அண்ணாக்க வெட்டுத ஆபரேஷன்ல நோவு உறுதி, பலன் உறுதி இல்ல, ஒடனே அதுக்குப் போகாதீங்க. மல்லாக்கப் படுக்கும்போது மட்டும் கூடுதான்னு உங்க ரிப்போர்ட்லயே இருக்கும், அப்பிடின்னா சரிஞ்சு படுக்கது ஒதவும். எடை கொறஞ்சா நெசமாவே கொறையும், 10 சதவீதம், உங்களுக்கு 8 கிலோ போனா ஏ.எச்.ஐ கால் பங்கு போல எறங்கும். டிர்செபடைடுன்னு வாரம் ஒருக்கா போடுத ஊசிய, உடல் பருமனோட இந்த வியாதி நடுத்தரமோ கடுமையோ உள்ளவங்களுக்கு 2024 டிசம்பர்ல அமெரிக்கால அனுமதிச்சாங்க, நம்ம நாட்டுல 2025ல சுகருக்கும் எடைக்கும் வந்திருக்கு. உங்களுக்கு சுகரும் இருக்கதால சுகர் டாக்டர்ட்ட கேளுங்க, விலை கூடுதல், வாந்தி ஓங்கரிப்பு வரும். அது வேலை செய்ய மாசக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் மெஷின் வேணும். ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் வயிறு நெறைய சாப்பிட்டு ஒடனே படுக்குத வழக்கம் இருந்தா அத மட்டும் ஏழு மணிக்கு முன்னால கொஞ்சமா மாத்திக்கிடுங்க.

ஆயுசுக்குமான்னா, பெரும்பாலானவங்களுக்கு நெடுநாள் வேணும். எடை நல்லா கொறஞ்சா திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாத்து நிறுத்தினவங்களும் உண்டு, டெஸ்ட் எடுக்காம நீங்களா நிறுத்தாதீங்க.

கல்யாண விஷயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு பயந்து மெஷின தள்ளிப் போடாதீங்க அக்கா. கண்ணாடி, சுகர் மாத்திரை மாதிரி இதையும் யாரும் கட்டில்ல வந்து பாக்கப் போறதில்ல, பாத்தா என்னன்னு மகளே சொல்லிருவா, அவளுக்குத்தான் உங்கமேல அக்கறை அதிகம். கல்யாண அலைச்சல்ல மெஷின் விட்டுப்போவாம அவட்டயே பொறுப்பு குடுங்க. வெளியூர் போனாலும் கூட கொண்டு போங்க. இனி எந்த ஆபரேஷன்னாலும், பல் பிடுங்க மயக்கம் குடுத்தா கூட, எனக்கு இந்த வியாதி உண்டுன்னு மயக்க டாக்டர்ட்ட முன்னயே சொல்லிருங்க.

மெஷின் வாங்க முன்ன தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க, உங்க கடிதத்துல அத பாக்கல, அது கொறஞ்சாலும் அசதியும் எடையும் மூச்சடைப்பும் கூடும். மூக்க காட்டணும்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காது மூக்கு தொண்டை ஓபிக்கு காலைலயே போயிருங்க, டெஸ்ட் ரிப்போர்ட் முழுசும் கைல இருக்கணும், கடைசி பக்கம் மட்டும் போதாது. மெஷின் தொடங்கி மூணு வாரம் ஆனதும் திரும்ப எழுதுங்க: எந்த மாஸ்க், அழுத்தம் எவ்வளவு, மெஷின்ல காட்டுத மிச்ச ஏ.எச்.ஐ, ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கீங்க, அந்த எட்டு கேள்விக்கு புது மார்க், இதெல்லாம் சேத்து.